சேதம் சொற்பம்

பட்டாலியனின் எண்ணை எழுத மாட்டேன்.
காரணம் பின்னால் வரும்.

நாற்பத்திரண்டில் காட்பாடி ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில்
மேசை போட்டு ஆள் எடுத்தார்கள்.
மார்பு அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள்.
படிவத்தில் ஒரு கேள்வி: எதனால் சேர்கிறாய்?
எழுதத் தெரியாத அத்தனை பேருக்கும்
நான்தான் நிரப்பினேன்:
சொந்த விருப்பம். சொந்த விருப்பம். சொந்த விருப்பம்.
அரிசி விலை என்று எழுத அந்தக் கட்டம் போதாது.
எனக்கு டைப் தெரியும் என்பதால்
துப்பாக்கியோடு ஒரு மெஷினையும் சுமந்தேன்,
பர்மா வரைக்கும்.

மேல்விஷாரம் தோல் ஷாப்பிலிருந்து தஸ்தகீர்.
கொடுத்த பூட்ஸை முகர்ந்து பார்த்து
"ஆவாரம்பட்டை சரியா ஊறலே" என்று திருப்பி நீட்டியவன்.
நீட்டியதற்கு ஏழு நாள் மூட்டையோடு ஓடினான்.
குடியாத்தம் தறிக்காரர்கள் ஐந்து பேர்,
தூக்கத்திலும் கால் மிதிக்கும்.
விரிஞ்சிபுரத்து ஜலகண்டன், லான்ஸ் நாயக்,
அதற்கு முன் பீடி மண்டியில் கட்டு எண்ணியவன்.

பாலாற்றுக்காரர்கள் நாங்கள்.
ஆறு என்றால் எங்களுக்கு மணல்.
நடந்து கடப்பது, மாடு ஓட்டிப்போவது,
தாகம் எடுத்தால் கையால் தோண்டி
ஊறும் வரை குந்தியிருப்பது.
அங்கே, அந்த அகலத்தைக் கண்ட முதல் மாலை,
கரை முட்டத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க
பத்தடி தள்ளி ஊற்று தோண்டினான் ஜலகண்டன்.
"மேல ஓடறது குடிக்கற தண்ணி இல்லடா."
யாரும் சிரிக்கவில்லை.
வரிசையில் நின்று
அந்தக் குழியில்தான் குடித்தோம்.

ராத்திரி கடந்தோம். மூங்கில் தெப்பம், ஒரு கயிறு.
எதிரி முந்தின நாளே போய்விட்டிருந்தான்.
ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.
நடு ஆற்றில் ஒரு தெப்பம் சாய்ந்தது.
தோல் தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் என்று
எங்களில் தஸ்தகீருக்குத்தான் தெரியும்.
மற்றவன் பேரிலேயே ஜலம் இருந்தது,
கோட்டைக் கோயில் சாமியின் பேர்.
அந்தக் காலத்தில் கோட்டைக்குள் கோயில் இருந்தது,
சுற்றிலும் அகழி இருந்தது,
சாமி இல்லை.

விடிந்ததும் கேப்டன் சொல்லச் சொல்ல அடித்தேன்:
ஆறு கடக்கப்பட்டது. சேதம் சொற்பம்.
சொற்பம் என்றால் இரண்டு.
பேருக்கு எதிரே, காரணம் என்று ஒரு கட்டம்.
மூழ்கி என்று போட்டால் பென்ஷனில் கை வைப்பார்கள் என்று
ஆட்களுக்குள் ஒரு பேச்சு.
மெய்யா பொய்யா, யாரைக் கேட்பது?
எதிரியின் குண்டால் என்று அடித்தேன்,
இரண்டு தடவை.
கேப்டன் படித்தார். ஆற்றைப் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.
அந்தக் கட்டத்தில் பொய் சொன்ன விரலுக்கு
மேல் வரியின் சொற்பத்தைத் தொடத் தைரியம் வரவில்லை.

இப்போது வேலூர் பெரிய தபாலாபீஸ் வாசலில்
மனு எழுதிப் பிழைக்கிறேன்.
மாதம் பிறந்தால் பூங்காவனம் வருவாள்,
ஜலகண்டன் பெண்டாட்டி.
ஒருநாள் கேட்டாள்,
"எங்க பட்டுச்சி சாமி, குண்டு?"
நெஞ்சில் என்றேன்.
கட்டைவிரல் மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"அந்த மட்டும் போதும்.
தண்ணின்னா அவ்ளோ பயம் அதுக்கு.
தண்ணில போவாம போச்சே."

அவள் இன்னும் ரேகை வைக்கிறாள்.
எண்ணைக் கேட்காதீர்கள்.

போன ஐப்பசியில் பாலாற்றில் வெள்ளம்.
ஊரே பாலத்தில் நின்று பார்த்தது, நான் போகவில்லை.
வடிந்த நாலாம் நாள் இறங்கி
ஈர மணலில் ஒரு முழம் தோண்டினேன்.
ஊறியது, கலங்கலாக.
தெளியட்டும் என்று
குந்தியிருந்தேன்.